நாற்றம் தேடிய மேடம்

எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த மேடத்திடம் எதைப் பற்றியும் "போச்சு" என்று சொல்லி ஒப்புதல் வாங்கிவிட முடியாது. மிக்ஸி புகைந்து நின்றால் "சூடு ஆறட்டும்க்கா" என்பார். வாடிய கறிவேப்பிலைச் செடியைப் பிடுங்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "இருங்கக்கா, ரெண்டு மணி நேரம் பாப்போம்." அதுதான் அவருடைய வாய்ப்பாடு. ஏன் ஒரு மணி நேரம் இல்லை, ஏன் மூன்று இல்லை என்று அவர் வந்த புதிதில் நான் கேட்கவில்லை. படித்தவர்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான் அதற்கு நேர் எதிர். திருப்பூர் மண்ணரையில் வீட்டின் கீழ்த்தளத்திலேயே தையல் மிஷின்களை வரிசையாகப் போட்டு, கம்பெனிகள் வெட்டி அனுப்புகிற துணியைத் தைத்துக் கொடுக்கிறோம். தைத்து வருவதை செக்கிங் பார்ப்பது நான். பனியனைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு விரி, ஒரு திருப்பு, அவ்வளவுதான். தேறும், தேறாது. தேறாதது டேமேஜ் மூட்டைக்குப் போய்விடும். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கு இதுவரை பெரிய நஷ்டம் ஒன்றும் வந்ததில்லை.

மேடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுத்தார். முப்பத்தைந்தைத் தாண்டிய, ஒல்லியான, எந்நேரமும் கையில் எதையாவது தூக்கிக்கொண்டே நடக்கிற மனுஷி. வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் சமையலறை எங்கே, தண்ணீர் எந்நேரம் வரும் என்று ஒன்றும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் வெயில் எத்தனை மணி வரைக்கும் விழும் என்று மட்டும் கேட்டார். வடகம் போடுகிற பெண் போலிருக்கிறது என்று நினைத்து நான் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்தேன்.

வந்த பத்துப் பதினைந்து நாளில் மாடிப்படியில் ஒரு வாடை. அழுகிய முட்டை வாடை. எலிதான் என்று நினைத்தேன்.

"ஏனுங் மேடம், மாடில ஏதாச்சும் செத்துக் கெடக்குதுங்களா?"

"சாகலக்கா, நல்லா உயிரோட இருக்கு. வாங்க, காட்டுதேன்."

மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரோரம் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அடியில் கறுப்புச் சேறு, மேலே தண்ணீர், நடுவில் கரும்பச்சையாக வழுவழுவென்று ஒரு படலம். கல்லூரி லேபில் வைத்தால் வாடை தாங்கவில்லை என்று துரத்திவிட்டார்களாம். நொய்யல் கரைப் பக்கம் ஏதோ ஒரு சாயத் தண்ணீர்க் குட்டையிலிருந்து எடுத்து வந்து, வருடக்கணக்கில் வளர்க்கிறாராம். நான் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்க, அவர் ஒரு பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு "இன்னைக்கு நல்லா இருக்கு" என்றார். மல்லிகைப்பூவை முகர்ந்தால் கூட என் முகம் அப்படி மலராது.

அறைக்குள் கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். பச்சை நூல் நூலாக இருந்தது. அந்த நூல்கள் தாமாகவே மெல்ல நகர்ந்தன. பிறந்ததிலிருந்து நூலோடு கிடக்கிறேன், தானாக நகர்கிற நூலை அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க மனம் வரவில்லை, அதை அவரிடம் காட்டிக்கொள்ளவும் இல்லை.

"இதுக்குப் பேரு நீலப்பசும்பாசிக்கா. இதுக்குள்ள ரெண்டு மிஷின் இருக்கு. ரெண்டும் வெயில்ல ஓடுது. முத மிஷின் தண்ணியப் பிரிச்சு எலெக்ட்ரான் எடுக்கும், எடுத்ததை ரெண்டாவது மிஷினுக்கு அனுப்பும். அதை வச்சுத்தான் சாப்பாடு செய்யுது. தண்ணியப் பிரிக்கையில வர்ற ஆக்சிஜனை வேண்டாம்னு வெளிய விட்டுரும். அதைத்தான் நாம மூச்சா இழுக்கோம்."

"செரிங்க. நாத்தம் எதுக்குங்க அடிக்குது?"

"அது சல்பைடு. சல்பைடு பட்டா அந்த முத மிஷின் ஜாம் ஆயிரும். மத்த பாசியெல்லாம் அதோட முடிஞ்சுது."

"லைன்ல மொத மிஷின் நின்னா அடுத்ததும் நிக்க வேண்டியதுதானுங்களே?"

"அப்படித்தான எல்லாரும் நெனைப்பாவ. இது நிக்காது. ஒரு ரெண்டு மணி நேரம் செத்த மாதிரி கெடக்கும். கொமிழி வராது, ஒண்ணும் நடக்காது. ஆனா அதுக்குள்ள புதுசா ஒரு என்சைம் தயார் பண்ணிக்கிடும். அந்த என்சைம் சல்பைடுல இருந்தே எலெக்ட்ரானை உருவி, நேரா ரெண்டாவது மிஷினுக்குக் குடுத்துரும். விஷமா வந்ததையே சரக்கா மாத்திக்கிடும். ஆக்சிஜனுக்குப் பதிலா கந்தகம் வரும். பாருங்க, நூலுக்கு வெளிய பொட்டுப் பொட்டா மின்னுதுல்லா, அதான். சல்பைடு தீந்துட்டுன்னா பழையபடி முத மிஷினை ஓட்டிரும்."

அந்த ரெண்டு மணி நேரத்தின் மூலம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாசிக்குக் கொடுத்த தவணையை அவர் ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை எங்கள் கம்பெனியில், ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினிலேயே காலம் தள்ளிய ஒரு பெண்ணை வேறு மிஷினில் உட்கார்த்தினேன். பீஸ் பீஸாகக் கெடுத்தாள். கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்று எழுந்தபோது, குடிதண்ணீர் பிடிக்க வந்த மேடம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு "ரெண்டு மணி நேரம் குடுங்கக்கா" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தப் பெண் கோடு பிடித்த மாதிரி ஓட்டினாள். இதனால் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே வேறொருத்தியை ஒரு மணி நேரத்தில் அனுப்பினேன்.

இந்தக் குணம் அவருக்கே வினையாகவும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள், பையனும் லட்சணமாக இருந்தான். நான்தான் கேசரி கிண்டினேன். பெண்ணின் முடிவு என்ன என்று கேட்டதற்கு மேடம் "ரெண்டு மணி நேரம் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். யாருக்குத்தான் மானம் இருக்காது? ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாக இறங்கி வந்தவர், "எனக்குச் சம்மதம்தான்க்கா" என்றார். மாப்பிள்ளை அந்நேரம் ஈரோட்டைத் தாண்டியிருப்பார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் முதலில் சிரித்தார். கேசரியைச் சாப்பிட்டார். அப்புறம் ரொம்ப நேரம் மாடியில் பாட்டில்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்தப் பாட்டில்களை நம்பித்தான் அவருடைய டாக்டர் பட்டம். பட்டத்தை நம்பித்தான் வேலை. பட்டம் இல்லாதவர்களை அடுத்த கல்வியாண்டு முதல் வைத்துக்கொள்வதில்லை என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஆய்வேட்டை எழுதி அனுப்பியாகிவிட்டது. படித்துப் பார்த்த வெளியூர்ப் பேராசிரியர் எல்லாம் சரி என்று எழுதிவிட்டு, ஒரே ஒரு சோதனையை மறுபடி செய்து காட்டச் சொல்லியிருந்தார். சல்பைடு தீர்ந்த பிறகு அந்த முதல் மிஷின் நிஜமாகவே திரும்ப ஓடுகிறதா என்று இன்னொரு தடவை அளக்க வேண்டும். பாசிதான் மாடியில் இருக்கிறதே, பொங்கல் கழிந்ததும் செய்துவிடலாம் என்று மேடம் நிம்மதியாக இருந்தார்.

பொங்கல் கழிந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். காற்று அவள் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. "ஊட்டுல சோறு திங்க முடியுதுங்களா? கொழந்தை வாந்தி எடுக்குதுங்க. இன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பொம்பள வரட்டும், நான் வெச்சுக்கறேன்" என்று கத்திவிட்டுப் போனாள். மேடம் கல்லூரியில் இருந்தார். என் வீட்டுக்காரருக்கு மேடத்தின்மேல் தனி மரியாதை. அந்தம்மா வாயில் மேடம் விழக் கூடாது என்று நினைத்துவிட்டார்.

இங்கேதான் சாயத்தொழில் புத்தி குறுக்கே வந்தது. கந்தகச் சாயத்தில் கறுப்பு ஏற்றும்போது பட்டறையில் இதே முட்டை நாற்றம்தான் அடிக்கும். அதற்கு அவர்கள் கையில் எப்போதும் ஒரு மருந்து உண்டு. பெராக்சைடு. ஊற்றினால் சல்பைடு போய்விடும், வாடையும் போய்விடும். வேறு ஊரில் வேறு எந்த வீட்டுக்காரராக இருந்தாலும் பாட்டிலை மூடி வைத்திருப்பார், மிஞ்சிப்போனால் ஊதுபத்தி கொளுத்தியிருப்பார். இவர் பட்டறைக்கு வண்டியை விட்டு ஒரு கேன் பெராக்சைடு கொண்டுவந்து, ஒவ்வொரு பாட்டிலிலும் தாராளமாக ஊற்றினார். ஊற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டு முகரச் சொன்னார்.

"பாத்தியா அம்மிணி, சுத்தம். மேடம் வந்தா அசந்துருவாங்க."

நானும் முகர்ந்து பார்த்துப் பாராட்டினேன்.

சாயங்காலம் மேடம் வந்தார். படியேறும்போதே வாடை இல்லாததைக் கவனித்துவிட்டார். வேகமாக மாடிக்கு ஓடினார். பின்னாலேயே நாங்களும் போனோம். பாட்டில்கள் நுரைத்துக்கொண்டிருந்தன.

"அண்ணே, இதுல என்ன ஊத்துனிய?"

"பெராக்சைடுங்க. பக்கத்து ஊட்டுல சத்தம் போட்டாங்க, அதுதான்..."

மேடம் தரையில் உட்கார்ந்தார். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். விஷயம் எவ்வளவு பெரியது என்று எங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைத்தது.

"ரெண்டு மணி நேரம் பாப்போம்" என்றார் மேடம்.

அந்நேரம் வெயில் இறங்கிவிட்டது. மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு, காலை வெயிலில் பாட்டில்களோடு உட்கார்ந்தார். உச்சிப்பொழுதுக்குப் பச்சையெல்லாம் போய், ப்ளீச் செய்த துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. மைக்ராஸ்கோப்பில் ஒரு நூலும் நகரவில்லை. நான் சாப்பாட்டுத் தட்டோடு போனபோது அவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "செத்துட்டுக்கா."

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

என் வீட்டுக்காரர் போய்க் கைகூப்பி நின்றார். "தெரியாம பண்ணீட்டனுங்க மேடம்." அவரோ, "பரவால்ல அண்ணே, நல்லதுக்குன்னுதான செஞ்சிய" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதோடு முடிந்தது, திட்டவில்லை. அடுத்த நாளும் திட்டவில்லை. எப்போதும் போல "சாப்ட்டியளா அண்ணே" என்று கேட்டுவிட்டுப் படியேறினார். இது என் வீட்டுக்காரரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. "நாலு வார்த்தை கேட்டுட்டாங்கன்னா தேவலை" என்று புலம்புவார். மேடம் வருகிற நேரம் பார்த்து வாசலில் நிற்பார், திட்டு வாங்கத் தயாராக. அவர் புன்னகைத்துவிட்டுப் போய்விடுவார். மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. திட்டுவதில் எனக்குள்ள திறமையை நான் கொஞ்சம் செலவழித்துப் பார்த்தேன். அதெல்லாம் கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டார்.

மேடம் மறுபடி அந்த நொய்யல் குட்டைக்குப் போனார். அதை மண் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். வேறு இடம் தேடினார். அப்போதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. சாயத் தண்ணீருக்குப் பேர் போன திருப்பூரில், தேடும்போது சரியான நாற்றத் தண்ணீர் கிடைக்கவில்லை. கழிவு நீரெல்லாம் குழாய் வழியாகச் சுத்திகரிப்புக்குப் போய்விடுகிறது. இருக்கிற சாக்கடையில் நாற்றம் உண்டு, பாசி இல்லை. பாசி உள்ள இடத்தில் நாற்றம் இல்லை. எங்கள் தையல்காரர்கள் எல்லாரும் களத்தில் இறங்கினார்கள். காலையில் வேலைக்கு வந்ததும் ஆளாளுக்கு நாற்றச் செய்தி சொல்வார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து "தீதி, உதர் பஹுத் பத்பூ" என்று இந்தியில் சொல்லி மூக்கைப் பிடித்துக் காட்டினாள், அங்கே ஒரே நாற்றமாம். எல்லோருமாகப் போய்ப் பார்த்தால் கோழிக்கடைக் குப்பை. காதர்பேட்டைக்குச் சரக்குக் கொண்டுபோகிற டெம்போக்காரர் வழியில் வண்டியை நிறுத்தி மோந்துவிட்டுப் போன் போடுவார். முன்பெல்லாம் நாற்றம் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய கூட்டம், இப்போது நாற்றத்தைக் கண்டால் நின்று இழுத்து மூச்சு விட்டது.

கடைசியில் அது கிடைத்த இடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். ஊத்துக்குளியில் என் பிறந்த வீடு. அம்மா பால்மாடு வைத்து வெண்ணெய் எடுத்துக் கொடுப்பவள். சுத்தத்துக்குப் பேர் வாங்கியவள், ஈ உட்கார விடமாட்டாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனபோது, வெறுமனே மாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேடத்தையும் கூட்டிப்போனேன். உள்ளே உட்கார வைத்து அம்மா காப்பி போடப் போன நேரத்தில் மேடத்தைக் காணவில்லை. மாடு கட்டுகிற கட்டுத்தறிக்குப் பின்னால், வெண்ணெய் கழுவிய மோர்த்தண்ணீர் போய்த் தேங்குகிற குழியோரம் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். கறுப்புச் சேறு. மேலே கரும்பச்சைப் படலம். வாடை எங்கள் மாடியை விட ஒரு படி அதிகம்.

அம்மா காப்பித் தம்ளரோடு வந்து அந்தக் கோலத்தைப் பார்த்துக் குறுகிப்போய்விட்டாள்.

"ஐயோ சாமி, அங்க எதுக்குங்க போனீங்க? அது கழுவுன தண்ணி போற குழிங்க. நாளைக்கே ஆள் உட்டு வழிச்சுப் போட்டர்றனுங்க."

"அம்மா, தயவுசெஞ்சு கழுவிராதிய" என்றார் மேடம். கண்ணில் தண்ணீர். "இது எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

வீட்டின் மானம் போகிற கேள்விக்கு எந்தப் பொம்பளை உண்மை சொல்வாள்? "நேத்துதானுங்க தேங்குச்சு" என்றாள் அம்மா. மேடம் ஒரு பாட்டிலில் சேற்றை அள்ளி, முந்தானையால் துடைத்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டார். ரயிலில் எங்கள் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

ஆனால் அது வேறு பாசி. பழையது போல நடந்துகொள்ளவில்லை. சல்பைடு பட்டால் இதன் முதல் மிஷின் ஜாம் ஆகவில்லை, வேகம் மட்டும் குறைந்தது. தண்ணீரிலிருந்தும் எடுத்தது, சல்பைடிலிருந்தும் எடுத்தது, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டியது. பழைய பாசியென்று சொல்லி ஒப்பேற்றிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான்தான் யோசனை சொன்னேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை நானே திரும்ப வாங்கிக்கொண்டேன். பழையது செத்துவிட்டது, எப்படிச் செத்தது, புதியது என்ன செய்கிறது என்று உள்ளதை உள்ளபடி ஒரு அத்தியாயமாக எழுதி அனுப்பினார். ஒரே நாற்றத்தில் பிழைக்க இரண்டு வழி இருக்கிறது என்பது அதன் சாரம். ஏற்பார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று கல்லூரி திறக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. ஏற்றுக்கொண்டார்கள். பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்தது.

இப்போது அவர் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் இருக்கிறார். தீபாவளிக்குப் போன் வரும். அவரை நினைத்தால் எனக்கு அந்தத் தேர்வு நாள்தான் முதலில் வரும்.

அந்தத் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். அரை ஷிப்டு லீவு விட்டு, மிஷின்களை நிறுத்திவிட்டு, எல்லாருமாகக் கிளம்பிப் போனோம். ஊத்துக்குளியிலிருந்து அம்மாவும் பட்டுச் சேலையில் வந்திருந்தாள். பெரிய திரையில் எங்கள் வீட்டுக் குழியின் போட்டோ வந்தபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் இங்கிலீஷில் பேசினார். முன்வரிசையில் இருந்த வெளியூர்ப் பேராசிரியர் கிடுக்கிப்பிடியாகக் கேட்டார். மேடம் தடுமாறாமல் பதில் சொன்னார். கடைசியில் பேராசிரியர் பின்னால் திரும்பி, பொதுமக்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்று தமிழில் கேட்டார். சம்பிரதாயத்துக்குக் கேட்பதுதான், யாரும் எழுந்திருக்க மாட்டார்களாம்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், பலிக்கவில்லை.

"வணக்கமுங்க. பாசி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அந்தப் பெராக்சைடை ஊத்துனது நாந்தானுங்க. மேடம் என்னை ஒரு வார்த்தை திட்டலீங்க. இன்னைக்கு வரைக்கும் திட்டலீங்க. அது ஏன்னு மட்டும் கேட்டுக்கறனுங்க."

மேடம் மேடையில் திரையைச் சுட்டிக்காட்டுகிற குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவ்வளவு நேரம் எந்தக் கேள்விக்கும் யோசிக்காதவர் இதற்கு யோசித்தார்.

"கோவம் வந்துச்சு அண்ணே" என்றார். "பாட்டிலைத் தூக்கி உங்க தலையில போடணும்போல வந்துச்சு. அடங்கட்டும்னு பொறுத்துப் பாத்தேன். இன்னும் அடங்கல. உங்களப் பாக்கிற போதெல்லாம் வருது."

பேராசிரியர் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். எங்கள் பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் மட்டும் கை தட்டாமல் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை மாதமாக நான் பார்க்காத தெளிவு அவர் முகத்தில்.

"திட்டிட்டாங்க அம்மிணி" என்றார். "கேட்டியா?"